ரெண்டு கை மண்

"நீங்க கேக்கலியே" என்றாள் செந்தாமரை. குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை, ரசத்துக்கு உப்பு போட்டாயா என்று கேட்டால் போட்டேன் என்பாளே, அந்த மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள், அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மணி ஒன்று பத்து. தயிர்சாத டப்பா ஆய்வக மேசைமேல் திறந்து கிடக்கிறது, அதன் மூடியைத் திறப்பதற்கே இன்று பெரும்பாடாகிவிட்டது, ஸ்பூன் காம்பை விட்டு நெம்பி, மூடி தெறித்து ஓடி, பியூரெட் ஸ்டாண்டுக்கு அடியில் போய் விழுந்தது, அப்போதே தெரிந்திருக்க வேண்டும் இன்றைக்கு நாள் சரியில்லை என்று. அவள் வீட்டிலிருந்து போன் செய்தது தான் செய்த மண்கிண்ணம் இன்றைக்கு வந்துவிடுமா என்று கேட்கத்தான். வந்துவிடும், ஐந்தரைக்குச் சூளையைவிட்டு வெளியே வரும், ஆறரைக்கு உன் கையில் இருக்கும் என்றேன், ஏதோ நானே பெற்றுக் கொடுக்கப்போகிற மாதிரி. சரி என்றவள் வைக்கப்போகிற நேரத்தில், போகிற போக்கில், "அதுல பிள்ளையார் மண்ணு கொஞ்சம் சேந்திருக்கு, அதனால ஒண்ணும் ஆவாதில்ல?" என்றாள். எவ்வளவு என்று கேட்டேன். ரெண்டு கை என்றாள். ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று கேட்டதற்குத்தான் அந்தப் பதில். கேட்கவில்லைதான். கிண்ணத்தை வாங்கும்போது விளிம்பைத் தடவிப் பார்த்தேன், அடியைத் தட்டிப் பார்த்தேன், காய்ந்துவிட்டதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தேன், என்ன மண் என்று மட்டும் கேட்கவில்லை. மண் நான் கொடுத்தது, அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டேன்.

இந்தத் தொழிற்சாலையில் வாஷ்பேசினும் கம்மோடும் செய்கிறோம், வேறு ஒன்றும் இல்லை. விருத்தாசலத்தைத் தாண்டி ஏழு கிலோமீட்டர், முள்காட்டுக்கு நடுவில் ஒரு புகைபோக்கி. நான் இருபத்திரண்டு வருடமாக இங்கே ஆய்வகப் பொறுப்பாளன், அதாவது வெள்ளையை வெள்ளையாக வைத்திருப்பது என் வேலை. சூளை என்றால் பானைச் சூளை மாதிரி அடுக்கி, எரித்து, ஆறவைத்துப் பிரிப்பது இல்லை, அது ஒரு நீளமான சுரங்கம், உள்ளே தண்டவாளம், தண்டவாளத்தில் முப்பது வண்டிகள் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு நிற்கும், அரை மணிக்கு ஒரு தடவை மணியடித்து பின்னாலிருந்து ஒரு புது வண்டியைத் தள்ளுவார்கள், எல்லாம் ஒரு இடம் நகரும், முன்னால் ஒன்று வெளியே வரும். நடுவில் ஆறேழு இடம்தான் நெருப்பு. ஆயிரத்து இருநூறு டிகிரி. அதற்குப் பிறகு வாசல்வரை ஆறிக்கொண்டே வர வேண்டியதுதான். நிறுத்த முடியாது, பின்னால் இழுக்க முடியாது, கதவு கிடையாது. நாற்பத்தொன்றாம் நம்பர் வண்டியில், இரண்டு வாஷ்பேசினுக்கு இடையில், ஒரு சின்னக் கல்பலகை மேல் அவள் கிண்ணம் இருக்கிறது. சூளை பார்க்கிற ஞானப்பிரகாசம் நேற்றுச் சாயங்காலம் எனக்காக அந்த இடத்தை விட்டுவைத்தார். இப்போது அந்த வண்டி இருபத்திரண்டாவது இடத்தில் நிற்கிறது. நெருப்பைத் தாண்டியாகிவிட்டது. அதாவது என்ன நடக்க வேண்டுமோ அது நடந்து முடிந்துவிட்டது, நான் காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பாத்ரூம் போயிருந்தபோது, யாரோ கேட்ட லீவுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது நடந்து முடிந்துவிட்டது. உருகியிருந்தால் உருகியாகிவிட்டது. எனக்குத்தான் தெரியாது. பதினெட்டாவது இடத்தில் ஒரு கண் துவாரம் உண்டு, கறுப்புக் கண்ணாடி வைத்துக்கொண்டு பார்க்கலாம், காலை பதினொன்றுக்கு அந்த வண்டி அங்கே நின்றது, நான் போகவில்லை, என்ன அவசரம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு துவாரமே கிடையாது, வெறும் செங்கல் சுவர்.

பிள்ளையார் மண் என்றால் குளத்துக் களிமண். சிவப்பு. சதுர்த்திக்கு முதல் நாள் கடைத்தெருவில் அச்சில் அடித்து ஈரமாக விற்பார்களே, எருக்கம்பூ மாலை, காகிதக் குடை, கண்ணுக்குக் குன்றிமணி, வயிற்றில் ஒரு காசு, அந்தப் பிள்ளையார். மூன்றாம் நாள் ஆற்றில் கரைக்க வேண்டும். போன ஆவணியில் நான்தான் வாங்கி வந்தேன், நான்தான் மூன்றாம் நாள் மணிமுத்தாற்றுக்கு எடுத்துப்போய்க் கரைக்க வேண்டியவன். அன்றைக்கு இங்கே பேசின்மேல் பூசுகிற கிளேஸ் ஒரு தொட்டி கெட்டுப்போய்விட்டது, போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றேன். அடுத்த ஞாயிறு என்றேன். பிள்ளையார் பூஜை அலமாரியிலேயே காய்ந்து, வெளுத்து, தும்பிக்கை நுனி உதிர்ந்து, புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று உட்கார்ந்திருந்தார். அவள் நாலைந்து தடவை ஞாபகப்படுத்தினாள், பிறகு விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அவளாகவே அவரைத் தூக்கி வாளியில் போட்டுக் கரைத்திருக்கிறாள், பின்கட்டில், என்னைக் கேட்காமல், இன்று போனில்தான் தெரிகிறது, நான் மட்டும் அவளைக் கேட்டேனா, கரைத்த மண்ணைக் கொட்ட மனசு வராமல் துணியில் வடித்து வைத்திருக்கிறாள். ஆக யார் தப்பு என்று பார்த்தால் சுற்றிச் சுற்றி என் வாசலிலேயே வந்து நிற்கிறது. இதற்குமேல் இதை யோசிக்கக் கூடாது.

யோசிக்காமல் இருக்க முடிந்தால் நான் ஏன் இந்த வேலையில் இருக்கிறேன். சிவப்பு மண்ணுக்குச் சிவப்பைக் கொடுப்பது இரும்பு. நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கு. அந்த இரும்பு சூட்டில் மண்ணை இளக்கிவிடும், ஆயிரம் டிகிரியில் அழகாக வேகும், ஆயிரத்து இருநூறில் பொங்கி, உப்பி, வெல்லப்பாகு மாதிரி உட்கார்ந்துவிடும். எங்கள் வெள்ளை மண் அதே சூட்டில்தான் வேகவே ஆரம்பிக்கும். இரண்டையும் கலந்தால் எவ்வளவு கலந்தோம் என்பதைப் பொறுத்தது. பத்தில் ஒன்று என்றால் தாங்கும். மூன்றில் ஒன்று என்றால் கிண்ணம் இல்லை, பணியாரம். எல்லாம் தெரியும். ஏட்டில் எழுதிப் பாடம் நடத்துகிற அளவுக்குத் தெரியும். தெரிந்து என்ன, கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒன்றரைக்கு மணி அடித்தது, தண்டவாளம் முனகியது. வண்டி இப்போது இருபத்துமூன்றாவது இடத்தில். எழுந்து மண்குழம்புக் கூடத்துக்குப் போனேன், தொட்டி ஓரத்தில் இறுகியிருந்த களியில் ஒரு கை அள்ளிக்கொண்டு வந்தேன், தராசில் வைத்தேன். மூன்று தசமம் காட்டுகிற தராசு. தொண்ணூற்று நாலு கிராம், சொச்சம். இரண்டு கை என்றால் நூற்று எண்பத்தெட்டு. கிண்ணம் நான் எடை போட்டது ஈரத்தில் ஐந்நூற்று அறுபது. மூன்றில் ஒன்று. ஏன் அப்படிக் கச்சிதமாக மூன்றில் ஒன்றாக வந்து தொலைய வேண்டும். இன்னொரு தடவை, கொஞ்சம் தளர்வாக அள்ளி வைத்துப் பார்த்தேன். எண்பத்தொன்பது. கணக்கு மாறவில்லை.

வைகாசியில் அவளுக்கு அது வந்தது. இட்லித் தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள், தட்டு விழுந்த சத்தம் கேட்டு நான் உள்ளே போனபோது வாய் கோணியிருந்தது, என் பேரைச் சொல்லப் பார்த்து வேறு ஏதோ சொன்னாள். இருபத்தாறு வருடமாக என் பேரைச் சொல்லாதவள். வாய் ஒரு மாதத்தில் திரும்பிவிட்டது, கால் இழுத்து இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது, வலது கை மட்டும் வரவில்லை. மடியில் படுத்துக் கிடக்கும். அவள் அதைப் பார்க்கவே மாட்டாள், பக்கத்தில் யாரோ வேண்டாதவர் உட்கார்ந்திருக்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பிசியோதெரபிக்கு வருகிற பெண் கோதுமை மாவு பிசையச் சொன்னாள். இவள், மாவு பிசைஞ்சி பிசைஞ்சிதான் இந்தக் கை போச்சி, வேற ஏதாச்சும் சொல்லு என்றாள். அப்படித்தான் நான் இங்கிருந்து ஒரு டின்னில் களி எடுத்துப்போனேன். முதல் நாள் தொட்டுவிட்டுச் சில்லென்று இருக்கிறது என்றாள். தெரிகிறதா என்று அந்தப் பெண் கேட்டாள். தெரியுது என்றாள். எட்டு மாதத்தில் அந்தக் கைக்கு ஒன்று தெரிந்தது அதுதான். பிறகு தினமும் மத்தியானம் மண்தான். வழிகிறது, நிற்கமாட்டேன் என்கிறது என்று புலம்புவாள். எங்கள் களி ஒழுகுகிற களி, அச்சில் ஊற்றுவதற்குச் செய்தது, கையால் பிடித்து எழுப்புவதற்கு இல்லை, அதற்குப் பிடிப்பு கிடையாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் பழகப் பழக வரும் என்று சொன்னேன், முட்டாள். அவள் அவளாகவே யோசித்து, பிடிப்புள்ள மண்ணாக எதைச் சேர்க்கலாம் என்று பார்த்து, பின்கட்டில் பிள்ளையாரை. யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. களி ஒழுகினால் குளத்து மண் சேர்ப்பது சரியான வைத்தியம், என்னைக் கேட்டிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன், சூட்டைக் குறைத்துக்கொள் என்று கூடவே சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த ஒரு வாக்கியம்தான் இல்லை.

கிண்ணத்தில் அவள் கட்டைவிரல் பதிந்திருக்கிறது. விளிம்புக்குக் கீழே, வரிசையாக, ஏழு இடத்தில். முதல் மூன்று தொட்ட மாதிரிகூட இல்லை, நாலாவது லேசாக, ஏழாவது நன்றாகக் குழிந்து. அந்த ஏழும் நாலு நாள் வேலை. அதை என்னிடம் கொடுக்கும்போது, சுட்டுக் கொண்டாங்க, அதுல கஞ்சி குடிக்கணும், இந்தக் கையால எடுத்துக் குடிக்கணும் என்றாள். எட்டு மாதமாக எதையும் வேண்டும் என்று கேட்காதவள். எனக்கு இருக்கிற பயமெல்லாம் இதுதான், வேறு சுற்றி வளைப்பானேன். இது உருகிக் கட்டியாகி வந்தால் அந்தக் கை திரும்பவும் மடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். பரவாயில்லீங்க என்பாள். அந்தப் பரவாயில்லையை என்னால் கேட்க முடியாது. மூன்று மணி. இருபத்தாறு. இருபத்துநாலில் நிற்கும்போது ஐந்நூற்று எழுபத்துமூன்று டிகிரியைக் கடந்திருக்கும், அந்த இடத்தில் மண்ணுக்குள் இருக்கிற குவார்ட்ஸ் மணல் மணிகள் திடீரென்று நூற்றுக்கு ஒரு பங்கு சுருங்கும், வேகமாக ஆறினால் விளிம்பில் தொடங்கி அடிவரை ஒரே கோடாகப் பிளக்கும், அதற்கும் நான் இங்கே உட்கார்ந்து தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போதாக்குறைக்குக் காசு வேறு. பிள்ளையார் வயிற்றுக் காசை எடுத்தாளா, இல்லை அதையும் சேர்த்துப் பிசைந்துவிட்டாளா. போன் செய்தேன். எடுக்கவில்லை, மூன்று மணிக்குத் தூங்குவாள். இன்னொரு தடவை செய்யப்போய் வைத்துவிட்டேன். தூங்கட்டும், காசு விஷயமாக எழுப்பி என்ன கேட்பது, பிள்ளையார் தொப்புளைப் பற்றியா.

கிளேஸ் என்னுடையது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை, இந்தக் கிண்ணத்தில் எனக்கும் ஒரு நப்பாசை இருந்தது. கிளேஸ் என்பது வேறு ஒன்றும் இல்லை, கண்ணாடி, மண்ணுக்குச் சட்டை போட்ட மாதிரி மேலே உருகிப் பிடித்துக்கொள்கிற கண்ணாடி. மூன்று வருடமாக, மதியச் சாப்பாட்டு நேரத்தில், யாருக்கும் சொல்லாமல், சாயம் போடாத நீலம் ஒன்று செய்து பார்க்கிறேன். வானத்துக்கு யாரும் நீலம் அடிக்கவில்லை, வெளிச்சம் சிதறி நீலமாகத் தெரிகிறது. அதே மாதிரி எலும்புச் சாம்பல் சேர்த்த கண்ணாடி ஆறும்போது, உள்ளுக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத சின்னத் துளிகளாகத் திரியும், மோர் மாதிரி, அந்தத் துளிகளில் பட்டு வெளிச்சம் நீலமாகச் சிதறும். சிதற வேண்டும். ஏட்டில் அறுபத்தொரு சோதனை எழுதியிருக்கிறேன், சாம்பலைக் கூட்டி, சுண்ணாம்பைக் குறைத்து, மூன்று தசமம்வரை. அறுபத்தொன்றும் கஞ்சித் தண்ணீர் நிறத்தில் வந்தது. ஒவ்வொன்றையும் எங்கள் வெள்ளை மண்மேல்தான் பூசினேன், இங்கே வேறு மண் ஏது. இரும்பு என்றால் எங்களுக்கு எதிரி. மண்குழம்பு வருகிற வழியெல்லாம் காந்தம் கட்டி வைத்திருக்கிறோம், ஒரு துருத் துகள் தப்பி வந்தாலும் வாஷ்பேசினில் கறுப்புப் புள்ளி, கழித்துக்கட்டு. இருபத்திரண்டு வருடமாக இரும்பு பிடிக்கிறவன் நான், என் வீட்டுக்குள்ளேயே இரண்டு கை இரும்பு நுழைந்து என் மேசைக்கே வந்திருக்கிறது. நான் அதைக் கிளேஸில் முக்கும்போது பார்த்தேன். அதுதான் இப்போது உறுத்துகிறது. இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பழுப்புத் தீற்றல் இருந்தது, சரியாகப் பிசையாமல் விட்ட கோடுகள், பார்த்தேன், ஈரம் இன்னும் காயவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன். வேறு யாராவது அப்படி ஒரு துண்டைக் கொண்டுவந்திருந்தால் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்திருப்பேன், காந்தம் வைத்திருப்பேன், பத்துக் கேள்வி கேட்டிருப்பேன். பெண்டாட்டி கொடுத்தது என்றால் கேள்வி வரவில்லை. இன்று காலையும் அப்படித்தான், அவள் படுத்ததிலிருந்து சாதத்தை நானே கட்டிக்கொள்கிறவன், குளித்துவிட்டு வந்தால் டப்பா பையில் தயாராக இருந்தது, பக்கத்து வீட்டு சுசீலா வந்து கட்டியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு பையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்தால் பஸ் போய்விடும்.

நாலே காலுக்குச் சூளை வாசலுக்குப் போய்விட்டேன். அங்கே நிற்பதால் ஒன்றும் சீக்கிரம் வராது என்று தெரியும். வாசலில் அனல் காற்று முகத்தில் அடித்தது, வெளியே வந்த கம்மோடுகளை ஒரு பெண் மரச்சுத்தியால் தட்டித் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள், நல்லது கணீரென்று சொல்லும், விரிசல் விட்டது சொத்தென்று சொல்லும். ஞானப்பிரகாசம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க சார் என்றார். உட்காரவில்லை. அவரிடம் சொல்லிவிட்டேன், யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது, சிவப்பு மண் கலந்திருக்கிறது, மூன்றில் ஒன்று, உருகி வழிந்திருந்தால் பக்கத்தில் இருக்கிற பேசினும் போயிருக்கும் என்று. அவர் வண்டி நம்பர் எழுதுகிற பலகையில் அடுத்த நம்பரை எழுதினார். பிறகு, பேசின் போனா இன்னொரு பேசின் ஊத்திக்கலாம் சார் என்றார். அதைவிட அவர் திட்டியிருக்கலாம். நாலரைக்கு ஒரு வண்டி வந்தது, முப்பத்தொன்பது. ஐந்துக்கு இன்னொன்று, நாற்பது. என் வண்டி இப்போது வாசலுக்கு அடுத்தபடி, உள்ளே இருட்டில் ஏதோ வெள்ளை வெள்ளையாகத் தெரிகிறது, குனிந்து பார்த்தால் பேசின் முதுகு. கண்ணில் தண்ணீர் வந்தது, அனலால். அனலால் மட்டும் இல்லை. வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்துப் பார்த்தேன், இன்னொன்று செய்யலாம், இந்தத் தடவை நான் சரியான மண் தருகிறேன், முதல் தடவை எல்லாருக்கும் இப்படித்தான். ஒவ்வொரு வாக்கியமும் பொய்யாக இருந்தது. மணி அடித்தது.

வண்டி வந்தது. கிண்ணம் கிண்ணமாக இருந்தது. முதலில் அதை நம்பாமல் வேறு எதையோ பார்ப்பதாக நினைத்தேன். ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, விளிம்பு லேசாக முறுகி, களைத்துப்போய்ச் சுவரில் தோள் சாய்த்த மாதிரி. உருகவில்லை, வழியவில்லை, பக்கத்துப் பேசின்கள் பால் மாதிரி அப்படியே நின்றன. ஞானப்பிரகாசம் கனத்த கையுறையைப் போட்டுக்கொண்டு பலகையோடு எடுத்து மேசைமேல் வைத்தார், மரச்சுத்திப் பெண் கேட்காமலேயே வந்து கைப்பிடியால் மெல்ல ஒரு தட்டு தட்டினாள். கணீர். நான் அப்போதுதான் நிறத்தைப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் வழக்கமான கஞ்சித் தண்ணீர், ஆனால் அந்தப் பழுப்புக் கோடுகள் ஓடிய இடங்களில், அவள் சரியாகப் பிசையாமல் விட்ட கோடுகள், கட்டைவிரல் குழிகளைச் சுற்றி, நீலம். மழைக்குப் பிறகு சாயங்காலம் கொஞ்ச நேரம் இருக்குமே, அந்த நீலம். அறுபத்தொரு சோதனையில் ஒரு நகக்கண் அளவுகூட வராத நீலம். நின்ற இடத்திலேயே எனக்குக் காரணம் புரிந்துவிட்டது, புரிந்து என் தலையில் நானே போட்டுக்கொள்ளத் தோன்றியது. தண்ணீர்ப் பாலை வெள்ளைக் கோப்பையில் ஊற்றினால் வெள்ளை, இரும்புச் சட்டியில் ஊற்றினால் ஓரத்தில் நீலம் தட்டும், எந்த வீட்டு அடுப்படியிலும் பார்க்கலாம். நீலம் ஒவ்வொரு தடவையும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. பின்னாலிருந்து எங்கள் வெள்ளை மண் கண்ணைக் கூசவைத்து அதை அழித்துக்கொண்டிருந்திருக்கிறது. பின்னால் கொஞ்சம் இருட்டு வேண்டும், இரும்பு வேண்டும், அவ்வளவுதான். வானத்துக்குப் பின்னால் இருட்டு இருக்கிறது என்பதை மட்டும் மறந்துவிட்டு மூன்று வருடம் சாம்பலை நிறுத்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமா என்று கேட்டால் முதலில் வந்தது எரிச்சல்தான், எனக்கு வராதது இவளுக்கு இரண்டு கையில் வந்துவிட்டதே என்று. ஆனால் மூன்றில் ஒரு பங்கு சிவப்பு மண் எப்படித் தாங்கியது. அது மட்டும் கணக்குக்கு வரவில்லை. நூற்று எண்பத்தெட்டு கிராம், தாங்காது, தாங்கவே முடியாது. ஆய்வகத்துக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு போன் செய்தேன்.

முதல் மணியிலேயே எடுத்தாள். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்க வேண்டும். வந்துடுச்சா என்று கேட்கவில்லை, உடைஞ்சிடுச்சா என்றுதான் கேட்டாள். இல்லை, முழுசாக இருக்கிறது, கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்றேன். நானே சாஞ்சிதான் நடக்கறேன் என்றாள், சிரித்தாள். வயிற்றுக் காசு அலமாரியில் விபூதித் தட்டில் இருக்கிறதாம். பிறகு நான் கேட்டேன். எட்டு மாதமாகவோ இருபத்தாறு வருடமாகவோ கேட்டிருக்க வேண்டிய மாதிரிக் கேட்டேன்.

"அந்த ரெண்டு கை மண்ணு, எந்தக் கையால அள்ளுனே?"

"வலது கையாலதான். அதுக்குத்தான மண்ணு." அவளே தொடர்ந்தாள். "அதுல எங்க நிக்குது. வெரலு மூடல. பாதி வாளிக்குள்ளவே விழுந்துடுச்சி. ஏங்க, பத்தலியா?"

பத்தும், போதும், சரியாக இருந்தது என்றேன். நான் என் கையால் அள்ளி என் தராசில் வைத்துக்கொண்டு மத்தியானம் முழுக்கச் செத்துக்கொண்டிருந்தேன். மூடாத கை. ஒரு தடவைக்கு இருபத்தைந்து கிராம் நின்றிருக்குமா. ஐம்பது. பத்தில் ஒன்றுக்கும் கீழே. தாங்கும். எட்டு மாதமாக எந்தக் கையை நினைத்து நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேனோ அந்தக் கைதான் அளவாக அள்ளியிருக்கிறது. ஏட்டை எடுத்தேன், அறுபத்திரண்டு என்று போட்டேன், சிவப்பு மண் என்று எழுதி, கிராம் கட்டத்தில் எண் எழுதவில்லை, செந்தாமரை, வலது கை, இரண்டு பிடி, தை மாதம் என்று எழுதினேன். போனை இன்னும் காதில் இடுக்கிக்கொண்டிருந்தேன், அவள் சாதம் சாப்டீங்களா என்று கேட்டாள். மேசைமேல் டப்பா மத்தியானத்திலிருந்து பாதியோடு இருந்தது, மூடி பக்கத்தில், ஸ்பூன் நெம்பிய இடத்தில் வளைந்து. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த டப்பாவ யாரு மூடுனது என்று கேட்டேன். நான்தான் என்றாள், நீங்க குளிச்சிட்டிருந்தீங்க, ஏன், சரியா மூடலியா. எந்தக் கையால என்று கேட்க வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் கேட்டேன், இனிமேல் கேட்டுவிடுவது என்று இருக்கிறேன். வலது என்றாள், பழகிப் பாத்தேன், சொல்லலாம்னு இருந்தேன்.

ஏட்டில் கடைசிக் கட்டம் ஒன்று உண்டு, எல்லாச் சோதனைக்கும் நிரப்ப வேண்டியது, திரும்பச் செய்தால் வருமா என்று தலைப்பு. மூடியை இப்படி இறுக்குகிற கையில் இனி இருபத்தைந்து கிராம் நிற்காது, கூடத்தான் நிற்கும், அடுத்த மாதம் அதற்கும் கூட. அந்தப் பிடி இனி எனக்குக் கிடைக்காது. வராது என்று எழுதினேன். அதன் கீழே ஒரு கோடு போட்டேன், மீதித் தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன்.